இன்டர்வியூவும் மற்றதும்

பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பதும், தப்புச் செய்தவர்களை உட்காரவைத்து விசாரிப்பதும் இருபத்தாறு வருடங்களாக என் வேலை. முதலாவதற்கு இன்டர்வியூ என்று பெயர். இரண்டாவதை இன்டரோகேஷன் என்று ஆபீசில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நடப்பது அதுதான். இன்டர்வியூவில் எனக்குப் பதில் தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்பேன். மற்றதில் பதிலை முடிவுசெய்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். கேட்டதையே சுற்றிவளைத்துத் திரும்பக் கேட்டால் பொய் சொல்பவர் உளறிவிடுவார். இதில் நான் கெட்டிக்காரி, அடக்கமெல்லாம் கிடையாது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு, மகள் தான் கட்டிக்கொள்ள விரும்பும் பையனை ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். நிபோங் திபாலிலிருந்து கடல் பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்தான். அவள் அப்பா இறந்துபோய் ஐந்து வருடமாகிறது. கேட்க வேண்டியதை நான்தானே கேட்க வேண்டும்?

“உங்க குடும்பம் எந்த எஸ்டேட்டு தம்பி?” என்று, இங்கே எல்லாத் தமிழ் வீட்டிலும் தாத்தா காலத்துத் தோட்டத்தைக் கேட்டுத் தொடங்குவதுபோலத்தான் தொடங்கினேன். அப்பாவுக்கு என்ன வேலை, முதல் வேலையை ஏன் விட்டான், எப்போது விட்டான் என்று போனது. கால் மணி நேரம் கழித்து, “மொத வேலைய எந்த மாசம் விட்டதா சொன்னே?” என்றேன்.

மகள் அவன் முன்னால் இருந்த டம்ளரைக் காட்டினாள். “மா, தே ஆறிப்போச்சு. குடின்னு நீ இன்னும் சொல்லவே இல்ல. இது இன்டர்வியூ இல்லமா, இன்டரோகேஷன்.”

உண்மைதான். பெரியவர்கள் சொல்லாமல் டம்ளரைத் தொடாத பிள்ளை அவன். தேநீரில் ஆடை படிந்திருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவன் செய்த குற்றம் என் மகளை விரும்பியது மட்டும்தான். இன்னும் ஒரு கேள்வி கேட்டால் இனி அவள் என்னிடம் எதையும் சொல்லமாட்டாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

சூடாக வேறு கலந்து கொண்டுவந்து வைத்தேன். “குடி தம்பி. நீ ஏதாச்சும் கேக்கணும்னா கேளு லா” என்றேன். வேலைக்கு வருகிறவர்களிடமும் கடைசியில் இப்படிச் சொல்வது வழக்கம். சம்பளம், லீவு என்று ஏதாவது கேட்பார்கள்.

அவன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான். “அவங்க கல்யாணமாகி எங்க வீட்டுக்கு வந்துட்டா, இந்த வீட்ல நீங்க தனியாவா இருப்பீங்க, ஆண்டி?”

“ஆமா தம்பி. அதான் பயமா இருக்கு” என்றேன். அதுவரை மகளிடம்கூட அதை நான் சொன்னதில்லை.