வறண்ட வாய்க்காலில் ஒரு லைவ்

எல்லாக் கட்சிகளையும் எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி தொடங்கினார்கள். எங்கள் ஒன்றியத்துக்கு நான்தான் இணையப் பொறுப்பாளர். தகுதி, வீட்டில் நல்ல கேமரா உள்ள போன் இருந்தது. அதுவும் என் மனைவியுடையது.

தொலைக்காட்சிக்காரர்கள் எங்களைச் சீண்ட மாட்டார்கள். அதனால் கட்சியே போனுக்குள்தான் நடந்தது. காலையில் மாவட்டப் பொறுப்பாளர் வாட்ஸ்அப்பில் கோபத்தை அனுப்புவார். மாலைக்குள் அதை எங்கள் ஊர்க் கோபமாக மாற்றி முகநூலில் ஏற்ற வேண்டும்.

அந்தக் குறுவைப் பருவத்தில் வந்த கோபம் இது: "மேட்டூர் திறந்தும் கடைமடைக்குச் சொட்டுத் தண்ணி வரல. காஞ்ச வாய்க்கால்ல நின்னு லைவ் போடுங்க."

நானோ தண்ணீர் வந்துவிடும் என்று நம்பி, விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் முளைகட்டியிருந்தேன். மறுநாள் காலைக்குள் தெளிக்காவிட்டால் அத்தனையும் வீண். விவசாயியாக எனக்குத் தண்ணீர் உடனே வேண்டும். கட்சிக்காரனாக, லைவ் முடிந்த பிறகு வேண்டும்.

"சாக்கு சுடுது, தொட்டுப் பாருங்க. லைவ்லயா கொண்டுபோய் விதைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. ஆனாலும் போனைப் பிடிக்க வந்தாள். என்னிடம் தனியாகக் கொடுக்கப் பயம்.

வாய்க்கால் நடுவில் இறங்கி, தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டேன். "பாருங்க மக்களே, இந்த வாய்க்கால்ல தண்ணி வந்தா நான் பேரை மாத்திக்கிறேன்."

கரையிலிருந்து பெரியப்பா கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லு. சூடம் ஏத்தணும்."

திரும்பினேன். சருகையும் பாட்டில்களையும் தள்ளிக்கொண்டு நுரையோடு புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. பெண்கள் நெல்லும் பூவும் தூவினார்கள். பாதி என் தலையில் விழுந்தது. லைவ் ஓடிக்கொண்டிருப்பது நினைவில் இருந்தது. ஆனாலும் புதுத்தண்ணீர் காலைத் தொட்டால் எங்கள் ஊரில் கை சும்மா இருக்காது. குனிந்து, இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கும்பிட்டேன். மனைவி அதை நெருக்கத்தில் எடுத்தாள்.

இரவுக்குள் ஆளுங்கட்சிக்காரர்கள் பரப்பிவிட்டார்கள்: 'எதிர்ப்பவரே கும்பிடுகிறார்!'

மறுநாள் விடிந்ததும் மாவட்டப் பொறுப்பாளரின் அழைப்பு. நான் முழங்கால் சேற்றில் நின்று விதை தெளித்துக்கொண்டிருந்தேன். மனைவி போனை என் காதில் வைத்தாள். பதவி போயிற்று என்று நினைத்தேன்.

"வீடியோவ அழிச்சிடாதீங்க," என்றார். "தலைப்ப மட்டும் மாத்துங்க. 'லைவ் போட்டோம், தண்ணீர் வந்தது'."

வரப்பில் பக்கத்து வயல்காரர் காத்திருந்தார்.

"மாப்ள, எங்க மேட்டு வயலுக்கு இன்னும் தண்ணி ஏறல. வேல முடிஞ்சதும் அங்க வந்து, வரவே வராதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்களேன்."