உரல்மேல் கீறிய தாயக்கட்டம்

சிவப்புச் சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தால் முதலில் தெரிவது குளிர்ச்சி. அதற்குப் பின்னால் மெல்ல ஒரு வாசம் வரும், மழையில் நனைந்த செங்கல்லும் தேங்காயெண்ணெயும் கலந்தது போல. தரை போட்ட மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனபடி அம்மா நாள் தவறாமல் எண்ணெய் தொட்ட துணியால் தேய்த்துத் தேய்த்து அந்த வாசத்தைத் தரைக்குள் ஏற்றியிருந்தார். கொல்லிமலையில் சித்திரை வெயிலிலும் அது சில்லென்றுதான் இருக்கும், மார்கழியில் காலை வைத்தால் பல் கிட்டிக்கும். மலையிலுள்ள பெரக்கரை நாட்டுப் பகுதியில் எங்கள் ஊரில் அப்போது மற்ற வீடுகளிலெல்லாம் சாணி மெழுகிய தரை, எங்கள் வீட்டில் மட்டும் சிவப்புத் தரை என்பதால், மூன்றாம் வகுப்பு படித்த அந்த வருடம் முழுக்க நான் தலையைக் குனியவே இல்லை.

அது நாங்கள் கட்டிய வீடல்ல. என் அப்பாவுக்குப் பங்காளி முறையில் அண்ணன் ஒருவர், எனக்குப் பெரியப்பா, சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகைப் பறிக்க ஏறி, ஏணியோடு சாய்ந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். எலும்பு கூடியதே தவிர அதன்பிறகு மேடேறவோ பள்ளமிறங்கவோ அவரால் ஆகவில்லை. எங்கள் ஊரிலோ அந்த இரண்டும் இல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வாசலில் உட்கார்ந்து காவல் பார்க்கும் வேலையும், குடியிருக்க ஓர் அறையும் கிடைக்கவே, வீட்டை அப்பாவிடம் விட்டுவிட்டு அவரும் வெள்ளையம்மா பெரியம்மாவும் மலையிறங்கினார்கள். அதுவரை சித்தப்பா குடும்பத்தோடு ஒரே கூரையின் கீழ் ஒருவர் கால் ஒருவர் முகத்தில் படப் படுத்துக்கிடந்த எங்களுக்கு அது பெரிய விடுதலை. அவர்களுக்கு வந்த கஷ்டம் எங்களுக்கு வந்த வசதி என்பதை நான் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற வயதும் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம், பலமுறை அப்படித் தப்பித்தும் இருக்கிறேன்.

பெரியம்மா பஸ் ஏறுமுன் ஒன்றே ஒன்று கேட்டார். "ஊடு இனி உங்களுது தம்பி, எப்படி வேணும்னாலும் மாத்திக் கட்டிக்குங்க. உரலு மட்டும் இருக்கட்டும். வருசா வருசம் பண்டிகைக்கு வந்து மாவு இடிச்சுக்கறேன்."

"அதுக்கென்னங்க அண்ணி, உரலு எங்க போயிரப்போவுது" என்றார் அப்பா.

இங்கே எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆண்டில் பாதி நாள் மழையும் மூடுபனியுமாக இருக்கும் மலையில் வாசலில் உரலைப் போட்டால் ஆகாது. அதனால் வீடு கட்டும்போதே நடுவீட்டில், தூணுக்குப் பக்கத்தில், விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி கருங்கல் உரலைப் பூமிக்குள் இறக்கி நட்டுவிடுவார்கள். நட்ட உரலைப் பிடுங்கக் கூடாது. மாரியம்மன் பண்டிகைக்கு எடுக்கும் மாவிளக்குக்கு அந்தந்த வீட்டு உரலில்தான் மாவு இடிபட வேண்டும். அடுத்த வீட்டு உரலில் இடித்தால் அது அடுத்த வீட்டு விளக்காகிவிடும். நாங்களும் சித்தப்பாவும் சாமிக்கு ஒரே வீடு என்பதால் எங்கள் மாவு சித்தப்பா வீட்டிலேயே இடிபட்டது. ஆகவே புது வீட்டு உரலால் எங்களுக்கு உபயோகம் ஒன்றுமில்லை. பெரியம்மாவுக்கோ, கோழிப்பண்ணை அறையில் இருந்துகொண்டு இந்த ஊரில் இன்னும் ஒரு வீட்டுக்காரி என்று காட்டிக்கொள்ள அது ஒன்றுதான் மிச்சம். பெரியப்பா கோல் ஊன்றாமல் நடக்கிற வரைக்கும் வருடம் தவறாமல் விளக்கெடுப்பதாக வேண்டுதலும் வைத்திருந்தார்.

அப்பாவுக்கு வீட்டைப் புதுப்பிக்கும் மோகம் பிடித்தது அந்த மழைக்காலம் ஓய்ந்ததும். புல் வேய்ந்த கூரை போய் ஓடு வந்தது, மண் சுவருக்குப் பூச்சு வந்தது. அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியிலிருந்து சிமெண்டும் மணலும் ஏற்றிய லாரி கொண்டை ஊசி வளைவுகளில் முக்கி முனகி மேலேறி ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போக, அங்கிருந்து ஊர்வரைக்கும் தலைச்சுமை. அப்பா ஒவ்வொரு மூட்டையையும் மாப்பிள்ளை அழைப்பு போல முன்னால் நடந்து கூட்டிவந்தார். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "தரைக்குக் காங்கிரீட்டுங்க, மேல செகப்பு" என்று கேட்காமலே சொன்னார்.

காளப்பநாயக்கன்பட்டி மேஸ்திரி நடுவீட்டில் நின்று உரலைக் காலால் தட்டிப் பார்த்தார். "ஏனுங்க, இந்தக் கல்லப் பேத்து வாசல்ல போட்றலாமுங்களா?"

அப்பா பதறிப்போனார். "ஐயோ, நட்ட உரலப் பிடுங்கக் கூடாதுங்க மேஸ்திரி. எங்க ஊர்ல அது ஆகாது."

"பிடுங்கத்தானுங்களே கூடாது? எப்படியும் தரைய ஒசத்தப்போறோம். மேல ஜல்லியப் போட்டு மூடிப்புட்டா உரலு பாட்டுக்கு அடியில இருந்துட்டுப் போவுது."

அப்பாவின் முகம் மலர்ந்ததை இப்போதும் பார்க்கிறேன். சாமிக்கும் குற்றமில்லை, தரைக்கும் மேடுபள்ளமில்லை. உரல் எங்கும் போகாது என்று அண்ணியிடம் சொன்ன வாக்கும் நிற்கிறது! இப்படி ஒரு வழி இத்தனை காலம் ஊரில் யாருக்கும் தோன்றவில்லையே என்று அவருக்குப் பெருமைகூட. அம்மா மட்டும், "அக்கா வந்து கேட்டா?" என்றார். "தம்பி ஊட்டு உரலு இல்லாமயா போச்சு? உரலுன்னா எல்லாம் உரலுதான்" என்று அப்பா அந்தப் பேச்சை அங்கேயே முடித்தார். விளக்கெடுக்கிற வீட்டில் பிறந்து வளர்ந்தவர், வழக்கம் தெரியாதவரல்ல. அன்றைக்கு அது அவருக்கு மறந்துபோவது சௌகரியமாக இருந்தது.

சிவப்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போது நான் மேஸ்திரியின் காலைச் சுற்றிச் சுற்றி வந்து கெஞ்சினேன். அவர் சிரித்துக்கொண்டே கரண்டி முனையால் நடுவீட்டில் ஒரு தாயக்கட்டம் கீறித் தந்தார். காய் வெட்டுப்படாத ‘மலை’க் கட்டங்களுக்குப் பெருக்கல் குறி போட்டு, ஓரத்தில் ஒரு பூவும் வரைந்தார். தூணுக்குப் பக்கத்தில்தான் இடம் தாராளமாக இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், மேஸ்திரிக்கும் தெரியும். புளியங்கொட்டையைத் தேய்த்து வைத்துக்கொண்டு, தரை காய்ந்ததும் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் கூப்பிட்டேன். கால் கழுவாமல் யாரையும் உள்ளே விடவில்லை.

பண்டிகை வந்தது. பெரியம்மா முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கோழிப்பண்ணை அறையிலேயே அரிசியை ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டித் தூக்குப்போசிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசலில் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது நான் புளியங்கொட்டையைக் குலுக்கிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்து, சந்தோஷம் தாங்காமல் கத்தினேன்: "வாங்க பெரியம்மா! எங்க ஊட்டுத் தரையப் பாத்தீங்களா? வழுக்கும், பாத்து வாங்க!"

எங்க ஊட்டுத் தரை. அவர் கல்யாணமாகி வந்து, தலையில் மண் சுமந்து கட்டிய வீட்டில், நான் அவரைப் பார்த்து வரச் சொன்னேன்.

அவர் தரையைப் பார்க்கவில்லை, தூணைப் பார்த்தார். தூணிலிருந்து கண்ணாலேயே அளந்துகொண்டு வந்து தாயக்கட்டத்தில் நிறுத்தினார். பிறகு எங்கள் ஆட்டத்துக்கு நடுவே குந்தி உட்கார்ந்து, காய்களைக் கலைக்காமல், உள்ளங்கையால் தரையை ஒருமுறை தடவினார்.

"நல்லா வழுவழுன்னு இருக்குது கண்ணு."

அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "அக்கா... அவருதான்..." என்று இழுத்தார்.

"பரவால்ல வுடு புள்ள. ஊடுன்னா நல்லா இருக்கோணுமில்ல. நான் கோயில் பக்கம் போறேன்." தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு பெரியம்மா வெளியே போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா வெடித்தார். பின்வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, அதுவரை நான் கேட்டறியாத குரலில் கேட்டார். அப்பா முதலில், "கேட்டிருந்தா ஒடச்சே குடுத்திருப்பேனே" என்றார். "இன்னுங் கேக்கோணுமா? போறப்பவே கேட்டுட்டுத்தானே போனாங்க!" என்றார் அம்மா. அப்பா போய்க் கடப்பாரையை எடுத்துவந்து தாயக்கட்டத்தின் மேல் ஓங்கி ஊன்றினார். நங்கென்று சத்தம் வந்தது, சிவப்பில் ஒரு சில்லு தெறித்தது.

நான் கட்டத்தின் மேல் குப்புற விழுந்து கையைக் காலை விரித்துக்கொண்டு அலறினேன். ஊரே திரும்பிப் பார்க்கும் அலறல். அம்மா என்னைத் தூக்கப் பார்த்தார், நான் தூணைக் கட்டிக்கொண்டேன். அப்பா ஓங்கிய கையை இறக்கினார். "புள்ள இந்த அழுவ அழுவுது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்று கடப்பாரையைச் சுவரோரம் சாய்த்துவிட்டார். அவர் முகத்தில் வந்தது நிம்மதி என்று பெரியவளான பிறகு புரிந்தது. இடிக்காமலிருக்க அவருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது, நான் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் ஊர்ப் பெண்கள் மாவிளக்குத் தட்டோடு வரிசையாகப் போனபோது பெரியம்மா வேப்பமரத்தடியில், விருந்துக்கு வந்தவர்களோடு வெறுங்கையாக நின்றார். ஊறவைத்த அரிசியை என்ன செய்வது? கடையில் வெல்லம் வாங்கித் தட்டிப் போட்டுப் பிசைந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எனக்குத்தான் பெரிய உருண்டை. அழுது வீங்கிய கண்ணோடு அதை வாங்கித் தின்றேன், ருசியாக இருந்தது.

அடுத்த வருடம் எதுவும் நடக்கவில்லை, அதற்கடுத்த வருடமும் நடக்கவில்லை. பெரியம்மா கொஞ்ச காலம் சாமி கும்பிட மட்டும் வந்துபோனார், பிறகு அதுவும் நின்றுபோனது. பெரியப்பா கடைசிவரை கோல் ஊன்றித்தான் நடந்தார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்காத நாட்களிலும் சொன்னார்.

இப்போது ஆசிரியையான எனக்கு மலைமேலுள்ள செம்மேட்டுப் பள்ளிக்கு மாற்றல் கிடைத்து, சேலத்திலிருந்து அம்மாவோடு அந்த வீட்டுக்கே திரும்பி வந்திருக்கிறேன். ஓடு ஒழுகுகிறது, ஜன்னல் கதவுகள் மழையில் உப்பிச் சாத்த மறுக்கின்றன, சிவப்புத் தரை தாயக்கட்டத்தின் கோடு வழியாகவே விரிசல் விட்டிருக்கிறது. டைல்ஸ் போட வந்தவர், "இது மேலயே ஒட்டிரலாங்க மேடம், வேலை சுருக்கா முடியும்" என்றார். மேலேயே போட்டு மூடுகிற யோசனையை இந்த வீட்டில் இரண்டாம் முறையாகக் கேட்கிறேன். உடைத்துவிடுங்கள் என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "மெதுவா ஒடைக்கச் சொல்லு. குழிக்குள்ள மணலு இருக்கும்" என்றார்.

இருந்தது. காங்கிரீட்டைப் பெயர்த்ததும் உரலின் வாய்க்கு மேல் மக்கிப்போன ஒரு பலகை, அதற்கடியில் குழி நிறையச் சலித்த மணல். அள்ளிப் போட்டால் கல் அப்படியே இருந்தது, இடித்து இடித்து வழவழப்பான குழியோடு. மேஸ்திரி ஜல்லி போட வருவதற்குள் அம்மாதான் நிரப்பி மூடியிருக்கிறார்.

"சிமெண்டு எறங்கிக் கெட்டுப்போயிருமில்ல. எடுக்கறப்ப நல்லா இருக்கோணும்னு போட்டேன்."

"எப்ப எடுக்கறதா நெனச்சீங்கம்மா?"

"அடுத்த பண்டிகைக்கு" என்றார் அம்மா. எல்லா வருடமும் அப்படித்தான் நினைத்தாராம்.

பண்டிகை இப்போதும் வருகிறது. ஆனால் மாவு மில்லில் அரைபட்டுப் பையில் வருகிறது, சிலருக்கு மிக்சி. எந்த உரல் என்று கேட்கும் ஆளில்லை. பிடுங்கக் கூடாத உரல்களையெல்லாம் பிடுங்கி வாழைமரத்தடியில் போட்டுக் கோழிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். எந்த வழக்கத்தால் பெரியம்மாவின் விளக்கு நின்றதோ அந்த வழக்கமே இன்று இல்லை. இன்றைக்கென்றால் பெரியம்மா சும்மா ஒரு கிலோ மாவோடு வந்தாலே போதுமே என்று நினைக்கும்போது என்னால் யார்மேலும் கோபப்பட முடியவில்லை, என்மேல் தவிர.

உரல் வெளிவந்த அன்று பெரியம்மாவுக்கு போன் செய்தேன். மகன் வீட்டில் இருக்கிறார், காது இன்னும் நன்றாகக் கேட்கிறது. தரையை உடைத்ததை, உரல் கெடாமல் இருப்பதை, அதைச் சுற்றி மட்டும் டைல்ஸ் போடச் சொல்லியிருப்பதை, இந்தப் பண்டிகைக்கு அவர் வந்தே ஆகவேண்டும் என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"ஒலக்கை தூக்கற கையா இது இப்ப" என்று பெரியம்மா சிரித்தார். பிறகு கேட்டார்: "ஏங் கண்ணு, அப்ப உன்ற தாயக்கட்டம்?"

"அதுவும் போயிருச்சுங்க பெரியம்மா."

"அடப்பாவமே. அன்னைக்கு வாசலத் தாண்டித் தெருவுல போறேன், கடப்பாரைச் சத்தம் கேட்டுச்சு. ஒடைக்கறாங்களாட்டம் இருக்குதுன்னு போசியோட நின்னேன். அப்பறம் நீ அழுவற சத்தம் கேட்டுச்சு, போயிட்டேன். அந்த அழுவ அழுதியே சாமி, அதையப் போயி எதுக்கு ஒடச்சே?"

வாசலில் சிவப்புத் துண்டுகள் குவிந்து கிடந்தன. ஒரு துண்டில் மேஸ்திரி வரைந்த பூ பாதி தெரிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே குனிந்து அதைக் கையில் எடுத்தேன்.