குட்டியோட வந்த ஆனை

குடும்பத்தோட ஒரு நாள் தேக்கடி போயிட்டு வாரதுன்னா கல்யாணம் நடத்துறதுல பாதி வேலை. அந்தப் பாதியில முக்கால்வாசி வேன்காரன் தலையிலதான் விழும்.

எழுபதுகள்ல சின்னமனூர்ல ஒரு உரக்கடை முதலாளியோட வேன நான் ஓட்டிக்கிட்டு இருந்தேன். வாரநாள்ல உர மூட்டை ஏத்துவோம், லீவு நாள்ல குடும்பம் ஏத்துவோம். மூட்டைக சன்னலோரம் வேணும்னு சண்டை போடாது. நீங்களும் என்னைக்காவது பொண்டாட்டி, புள்ளைக, மாமனார், மாமியா, கொழுந்தியான்னு ஒரே வண்டியில ஏத்திக்கிட்டுப் போயி முழுசாத் திரும்பி வந்தவுகளா இருந்தா, நான் சொல்லப்போறது ஒண்ணும் உங்களுக்குப் புதுசு இல்ல.

முதல் கேள்வி

வேன் பேச வாரவுக மொதல்ல எத்தன மணிக்குக் கெளம்பணும்னு கேப்பாகன்னு நெனைப்பீக. அதான் இல்ல. "ஆனை வருமா?"ன்னுதான் கேப்பாக. தேக்கடி ஏரியில போட்டுல போகையில, எதுத்த கரையில ஆனை தண்ணி குடிக்க எறங்கும். எறங்குனா எறங்கும், இல்லாட்டி இல்ல. காட்டுல கெடக்குற சீவன், நாம லீவு போட்டு வாரோம்னு அதுக்குத் தெரியுமா?

நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஒரு குடும்பத்துக்கிட்ட, "சொல்ல முடியாதுங்க, வந்தாலும் வரும், வராமயும் போகும்"னு உள்ளதச் சொல்லிப்புட்டேன். மூணு நிமிசத்துல எந்திரிச்சுப் போயிட்டாக. முதலாளி கடைக்குள்ள இருந்து எட்டிப் பாத்தாக. "ஏலே, ஆனை வருமான்னா, 'கட்டாயம் வரும், நேத்துக்கூட வந்துச்சு'ன்னு சொல்லணும். வராட்டி ஆனை மேல கோவிச்சுக்கிருவாக, நம்ம மேல கோவிக்க மாட்டாக."

வீட்டுல கேட்ட கேள்வி

மொத மொத நான் தேக்கடி போயிட்டு வந்த அன்னிக்கு ஆனையும் வரல, பூனையும் வரல. திரும்பி வாரப்ப வேனுக்குள்ள ஒரே சண்டை. தலைவலியோட வீட்டுக்குள்ள நொழையிறேன், எம் பொண்டாட்டி பேச்சியம்மா சொம்புத் தண்ணியோட வாசல்லயே நிக்கிறா. காமயகவுண்டன்பட்டித் தோட்டத்துல பொறந்து வளந்தவ. திராட்சைக் கொடிக்கு அங்கிட்டு எதையும் பாத்ததில்ல. "ஆனை வந்துச்சா?"ன்னு கண்ண அகட்டிக் கேட்டா. அந்த மொகத்துக்கு எதுக்க இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "வந்துச்சு, குட்டியோட வந்துச்சு"ன்னுட்டேன்.

எங்களுக்குப் புள்ளை இல்ல. அத இங்கனயே சொல்லிப்புடுறேன், பெறகு சொல்ல வராது. அன்னியில இருந்து நான் எப்பத் தேக்கடி போயிட்டு வந்தாலும் அந்தக் குட்டியப் பத்தித்தான் கேப்பா. நானும் விடாமச் சொல்லுவேன். எடது காதுல ஒரு கிழிசல் வச்சேன். சேத்துல வழுக்கி விழ வச்சேன். தும்பிக்கையில தண்ணி எடுக்கத் தெரியாம மூஞ்சியெல்லாம் அடிச்சுக்கிருச்சுன்னு சொன்ன அன்னிக்கு, விழுந்து விழுந்து சிரிச்சா. ஐப்பசி மழை புடிக்கிற நேரம், அடுப்பு முன்னால உக்காந்துக்கிட்டுச் சொல்றா: "பாவம், நனைஞ்சுக்கிட்டே திரியுமே, அதுக்குச் சளி கிளி புடிக்காம இருக்கணும்."

மஞ்சப் பை

லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறுனா, ரெண்டாவது வளைவுலயே புள்ளைக வாந்தி எடுக்க ஆரம்பிச்சுரும். இத நான் ஒரு தடவ வீட்டுல பொலம்புனேன். அடுத்த தடவ கெளம்பையில பேச்சி ஒரு மஞ்சப் பையக் கையில குடுத்தா. எலுமிச்சம்பழம், உப்புப் போட்டு உருட்டுன புளி, பழைய பேப்பர், பழைய சேலையக் கிழிச்சு மடிச்ச துணி, வாய் கொப்புளிக்க ஒரு செம்பு. மலையே ஏறாதவ, நான் சொன்னத மட்டும் வச்சு எல்லாத்தையும் யோசிச்சிருந்தா. அவளக் கூட்டிட்டுப் போக எனக்கு நேரமும் வாய்க்கல, நெசமாச் சொன்னாத் தைரியமும் வாய்க்கல. வந்து பாத்து, குட்டி இல்லாமப் போச்சுன்னா?

உத்தமபாளையத்துல இருந்து ஒரு வாத்தியார் குடும்பம். அஞ்சு வயசுப் புள்ளை அம்மாவோட பட்டுச் சேலையிலயே எடுத்துருச்சு. அந்தம்மா அழுகப் போற நேரம் மஞ்சப் பைய நீட்டுனேன். தொடச்சு, புளிய நாக்குல வச்சு, எலுமிச்சம்பழத்த மோந்து பாக்கச் சொன்னதும் புள்ளை தெளிஞ்சிருச்சு. மறுநா அந்தம்மா பஸ் ஏறி எங்க வீட்டுக்கே வந்து, துணியத் தொவச்சு மடிச்சுப் பேச்சி கையில குடுத்துட்டுப் போனாக. அதுக்குப் பெறகு அது வழக்கமாவே ஆயிருச்சு. துணி வாங்குன பொம்பளைக யாரா இருந்தாலும் வீடு தேடி வந்து குடுத்துருவாக. அன்னிக்கு மலையில அந்தம்மா எங்கிட்டக் கேட்டது மட்டும் ரொம்ப நாள் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. "இம்புட்டு யோசிச்சு வச்சிருக்காகளே, உங்க வீட்டம்மா எத்தன தடவ தேக்கடி போயிருக்காக?"

எண்ணக் கூடாது

கம்பத்துல ஒரு பெரிய குடும்பம். ஒரு மாசமாக் கூடிக் கூடிப் பேசித் திட்டம் போட்டாக. யாரு எங்கன உக்காரணும், எந்தத் தூக்குல புளியோதரை, எதுல தயிர்ச்சோறு, எல்லாம் எழுதியே வச்சிருந்தாக. கெளம்பையில நான் வழக்கம்போலத் தலைய எண்ணப் போனேன். வீட்டுக்காரம்மா கையத் தட்டி விட்டாக. "எண்ணாதீக தம்பி, கண்ணுபட்டுரும்!" சரின்னு விட்டுட்டேன்.

கூடலூர்ல நிறுத்தித் தேங்கா ஒடச்சுட்டுக் கெளம்புனோம். குமுளி போயி எலை போட்டு உக்காந்தா, ஒரு எலை காலி. புதுசாக் கல்யாணமான மாப்பிள்ளையக் காணோம்! வெத்தலை வாங்கப் போனவர விட்டுட்டு வந்துருக்கோம். பொண்ணு ஒரு பக்கம் அழுகுது, மாமனாருக்கு வேர்த்துக் கொட்டுது, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்லுறதுன்னு மாமியா தலையில கைய வச்சு உக்காந்துட்டாக. அரை மணி நேரங் கழிச்சு ஒரு பலாப்பழ லாரி வந்து நின்னுச்சு. பழத்து மேல இருந்து மாப்பிள்ளை நிதானமா எறங்குறாரு. கோவமா ஏதும் சொல்லப்போறாருன்னு எல்லாரும் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு நின்னா, அவரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "லாரி டிரைவர் அண்ணன்தான் சொன்னாரு, இன்னிக்கு ஆனை கட்டாயம் வருமாம். நேத்துக்கூட வந்துச்சாம்!"

எத்தன அடி?

போட்டுல வயசானவுகளக் கையப் புடிச்சு ஏத்தி எறக்க ஆளு வேணும்னு பல தடவ நானும் கூடப் போவேன். அப்பிடிப் போனப்ப ஒரு நாள் நெசமாவே ஆனை வந்துருச்சு. மூணு ஆனை, வரிசையா எறங்குது. போட்டே ஒரு பக்கமாச் சாயுது. போட்டுக்கார மலையாளத்துக்காரரு, "நோக்கு, நோக்கு!"ன்னு கத்துறாரு. சின்னமனூர் பக்கத்துச் சம்சாரி ஒருத்தரு மட்டும், தண்ணிக்குள்ள நிக்கிற பட்ட மரத்தையே உத்துப் பாத்துக்கிட்டு இருக்காக. மரத்துல தண்ணி நின்ன தடம் எங்கன இருக்கு, இப்பத் தண்ணி எங்கன இருக்கு, எத்தன அடி கொறைஞ்சிருக்குன்னு கணக்குப் பாக்குறாக. அவுக வயலுக்கு வார தண்ணியெல்லாம் இந்த ஏரியில இருந்துதான வருது.

மக, "அப்பா, ஆனைப்பா!"ன்னு சட்டையப் புடிச்சு இழுக்குது. அவுக திரும்பவே இல்ல. போட்டுக்காரரு பொறுக்க மாட்டாம, "ஆனைய நோக்கு சேட்டா!"ன்னாரு. அவுக கையக் கூப்பி, கெஞ்சுற கணக்காக் கேட்டாக: "ஆனை இருக்கட்டுமய்யா, ரெண்டாம் போகத்துக்குத் தண்ணி தாங்குமா, அதச் சொல்லுங்க!"

காலி சீட்டு

தேனி பஜார்ல ஜவுளிக்கடை வச்சிருந்த கிரேஸ் அம்மா குடும்பம் வருசா வருசம் எங்க வேன்லதான் தேக்கடி போவாக. ஒரு வருசம் அவுக மருமகனுக்கு வர முடியாமப் போச்சு. ஒரு சீட்டு காலி. கெளம்புறதுக்கு மொத நாள் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, நேராப் பேச்சியக் கூப்பிட்டாக. பேச்சி சந்தோசத்துல அப்பவே பொட்டியத் தொறந்து சேலை தேட ஆரம்பிச்சுட்டா. எனக்கோ வேற கவலை. இத்தன வருசமா வளத்த குட்டிய நாளைக்கு நான் எங்கன போயித் தேடுவேன்? விடியக்காலம் தெரு முக்குப் பிள்ளையாருக்குத் தேங்கா ஒடச்சு, "அப்பனே, ஆனையா வந்தாலும் சரி, ஆனை மொகத்தோட நீயே வந்தாலும் சரி"ன்னு கும்பிட்டேன்.

பேச்சி கல்யாணச் சேலையக் கட்டிக்கிட்டு முன் சீட்டுல உக்காந்தா. ஊருக்கெல்லாம் மறக்காமக் குடுத்தனுப்புன மஞ்சப் பைய, தான் போற அன்னிக்கு மறந்துட்டா. ரெண்டாவது வளைவுல மொத வாந்தி அவதான். கிரேஸ் அம்மா தன்னோட பையத் தொறந்து எலுமிச்சம்பழத்தையும் புளியையும் எடுத்தாக. பேச்சி முதுகத் தடவிக் குடுத்துக்கிட்டே சொன்னாக: "எல்லாம் உங்க பையப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். இன்னிக்கு ஒரு நாளாவது உங்கள நாங்க பாத்துக்கிறோம்."

கரையில

போட்டு ஏரியச் சுத்தி வந்துச்சு. மான் வந்துச்சு, காட்டுப்பன்னி வந்துச்சு, பட்ட மரத்துல நீர்க்காக்கா உக்காந்து றெக்கையக் காய வச்சுச்சு. ஆனை வரல. ஒவ்வொரு திருப்பத்துலயும் நான் எக்கி எக்கிக் கரையத் தேடுனேன். பேச்சி எல்லாத்தையும் பாத்தா, ஆனையப் பத்தி மட்டும் கேக்கல. கரையேறி, எல்லாரும் முன்னால நடக்க, நாங்க ரெண்டு பேரும் பின்னால வந்தோம். "இன்னிக்குன்னு பாத்து வரல பேச்சி. அந்தக் குட்டி…"ன்னு இழுத்தேன்.

"விடுங்க. குட்டி இல்லன்னு எனக்குத் தெரியும்"னா. நான் நின்னுட்டேன். "துணி குடுக்க வார பொம்பளைக எல்லாம், 'ஆனையே வரல ஆத்தா, போனது தண்டம்'னு சொல்லிட்டுத்தான் போவாக. ரெண்டாம் வருசமே தெரியும்." எனக்கு வெக்கமாப் போச்சு, அழுகையாவும் வந்துச்சு. "பெறகு எதுக்குத்தா ஒவ்வொரு தடவையும் கேட்ட?"ன்னேன். சேலைத் தலைப்பால மூஞ்சியத் தொடச்சுக்கிட்டே சொன்னா: "நாள் பூரா அடுத்தவுக புள்ளைகள ஏத்தி எறக்கிட்டு, மொகம் வாடி வருவீக. குட்டியப் பத்திச் சொல்லையில மட்டும் அந்த மொகம் தெளிஞ்சுரும். அதப் பாக்கத்தான் கேட்டேன்."

பக்கத்து வீட்டுக் கேள்வி

பொழுது சாய வீடு வந்து சேந்தோம். பக்கத்து வீட்டுச் சரசு எங்களுக்காகவே காத்துக்கிட்டு இருந்துருக்கும்போல. பேச்சி எத்தன வருசமா அந்தக் குட்டிக் கதைய அதுக்குச் சொல்லிருப்பா! கதவத் தொறக்கக்கூட விடல. "என்னக்கா, ஆனை வந்துச்சா?"ன்னு ஓடி வந்துச்சு. நான் சாவியத் தேடுற மாதிரி தலையக் குனிஞ்சுக்கிட்டேன். பேச்சி என்னைய ஒரு பார்வை பாத்தா. பெறகு சரசு பக்கம் திரும்பி, கண்ண அகட்டிக்கிட்டுச் சொன்னா: "வராமயா? குட்டியோட வந்துச்சு. இப்ப நல்லா வளந்துருச்சுடி. இவுகளப் பாத்த ஒடனே அடையாளங் கண்டுக்கிருச்சு, தெரியுமா?"

அந்த மொதக் குடும்பத்துக்குப் பெறகு, வேன் ஓட்டுன காலம் பூரா, ஆனை வருமான்னு கேட்ட அத்தன பேருக்கும் கட்டாயம் வரும்னுதான் சொன்னேன். மொதல்ல முதலாளி சொல்லச் சொன்னதுக்காகச் சொன்னேன், பெறகு பேச்சி பாத்துட்டு வந்துட்டதுனால சொன்னேன்.