கருங்குளவி குடித்த தம்ளர்

குமுளி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குருவம்மாள் நடத்தும் மெஸ்ஸில் முதல் பந்தி மனிதருக்குக் கிடையாது. குழம்பை இறக்கியதும் ஒரு கை சோற்றில் விட்டுப் பிசைந்து பின்சுவரில் வைப்பாள். பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர். காக்கா வந்து கொத்திய பிறகுதான் உள்ளே இலை விழும். கலெக்டரே வந்து உட்கார்ந்தாலும் காக்காவுக்குப் பின்னால்தான்.

இந்த வழக்கத்தை மூலை மேசையிலிருந்து ஒருவர் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அவர்தான் கருங்குளவி. ரத்தினசாமி என்ற சொந்தப் பெயர் லாட்ஜ்காரருக்கும் குருவம்மாளுக்கும் மட்டுமே தெரியும். மற்றபடி பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் மாதம் ஒரு கொலை நாவலாகத் தொங்கிய பெரிய எழுத்தாளர். மலைக்குளிரில்தான் கொலை நன்றாக ஓடும் என்று இங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டார். கருவாட்டுக் குழம்பைப் பிசைந்தபடி அவர் பின்சுவரையே பார்ப்பதைக் கண்டு, பாவம், காக்காமேல் பக்தி என்று நினைத்தாள் குருவம்மாள்.

பக்தியில்லை, தொழில். ‘காக்கை தொடாத சோறு’ என்று ஒரு நாவல் எழுதினார். அதில் மெஸ் நடத்தும் செண்பகம் ஏலத்தோட்ட முதலாளிக்குக் கருவாட்டுக் குழம்பில் விஷம் வைக்கிறாள். அன்றைக்குக் காக்கா சோற்றைத் தொடவில்லை என்பதை வைத்தே துப்பறிவாளர் அவளைப் பிடித்துவிடுகிறார். நாவல் பிய்த்துக்கொண்டு போனது. மெஸ்ஸுக்கு வருகிறவர்களோ ஜீப் டிரைவர்களும் ஏலக்காய் மூட்டை தூக்குகிறவர்களும். பசியோடு வருகிற அவர்கள் புத்தகத்தைக் கண்டார்களா? குருவம்மாளின் தலை தப்பியது.

கருங்குளவி காலமான பிறகு, வாசகர்கள் கூடி ஊர் மண்டபம் ஒன்றில் அவருடைய வாழ்க்கையையே அருங்காட்சியகமாக்கினார்கள். மூக்குக்கண்ணாடி, கம்பளித் தொப்பி, அப்படியே பெயர்த்து வைத்ததுபோல லாட்ஜ் அறை. நடுவில் கையில் அகப்பையோடு ஆளுயரப் படமாகக் குருவம்மாள். கீழே, அவருடைய நோட்டில் கண்டபடி, தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும்: ‘கொலைகாரி செண்பகத்தின் அசல்.’

படத்தைக் கொடுத்தது, கல்லாவில் உட்காரும் அவளுடைய கணவர் சுடலைமணி.

“கேட்டாக, குடுத்தேன். ஒன் மூஞ்சி வேற எங்கயாச்சும் இம்புட்டுப் பெருசா வந்துருக்கா? ரேஷன் கார்டுல பாதிதான் தெரியுது.”

“நான் செத்தா வைக்க வேண்டிய படத்த, கொலைகாரின்னு வச்சிருக்காக. இதுல பெரும வேற.”

கண்காட்சி பார்த்த டூரிஸ்ட்டுகள் நேராக மெஸ்ஸுக்கு வந்தார்கள். சுவரில் காக்கா சாப்பிட்டதைப் பார்த்தும் அவர்களுக்குத் திருப்தி வரவில்லை. காக்கா தின்றது அந்தச் சோறு, நம் இலையில் விழுந்தது வேறு சோறு அல்லவா? ஆளாளுக்குத் தன் இலையிலிருந்து ஒரு கை எடுத்து ஜன்னல் வழியே போட்டுப் பார்த்த பிறகே வாயில் வைத்தார்கள். ஒரு வாரத்தில் காக்கா மாப்பிள்ளை மாதிரி ஊதிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, மெஸ் நிறைந்திருந்த நேரத்தில், சுவரில் வந்து உட்கார்ந்து சோற்றைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது.

“காக்கா தொடலை” என்றது ஒரு குரல்.

இலைகளிலிருந்து கைகள் விலகின. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே இங்கே சாப்பிடும் ஜீப் டிரைவர் பாண்டியும் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

“ஏன்டே, நீயுமா?”

“இல்ல மதினி, வயிறு ஒரு மாதிரியா இருக்கு.”

“ஒரு வாய்கூட வைக்கலியே, அதுக்குள்ள என்ன மாதிரி?”

மறுநாள் ஈ வந்தது, ஆள் வரவில்லை. சட்டி நிறையக் குழம்பு அப்படியே நின்றது. இந்த மெஸ்ஸை மூடினால் எஸ்டேட் லயத்து வரிசைவீட்டுக்கே திரும்பிப்போய்த் தேயிலைக் கொழுந்து கிள்ள வேண்டியதுதான். குருவம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மண்டபத்துக்கு நடந்தாள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் ஆர்த்தி, உடும்பஞ்சோலைப் பக்கத்துப் பெண், ஓடிவந்து வரவேற்றாள்.

“வாங்கக்கா. நீங்க வந்தது எங்களுக்கு எவ்ளோ பெருமை.”

“பெருமைய நீயே வச்சிக்கோ. படத்த எடு.”

“எல்லாரும் அதுக்கிட்ட நின்னுதான்க்கா செல்ஃபி எடுக்கிறாங்க. சார் வாழ்க்கையில உங்களுக்கு எவ்வளவு பெரிய இடம் தெரியுமா?”

“என் மெஸ்ஸுல அவருக்கு மூல மேசதான் இடம். எடு.”

சொல்லிக்கொண்டே திரும்பியவள் ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றுவிட்டாள். சிவப்பு வெல்வெட்டின் மேல் எவர்சில்வர் தம்ளர். ‘ஆசிரியர் வாழ்நாளெல்லாம் போற்றிய தம்ளர்’ என்று அட்டை. விளிம்புக்குக் கீழே புள்ளிப் புள்ளியாக வெட்டியிருந்தது: ‘சு. குருவம்மாள்.’

அவள் வீட்டில் பெயர் வெட்டாமல் ஒரு கரண்டிகூடப் புழக்கத்துக்கு வராது. இந்தத் தம்ளர் காணாமல் போனபோது சுடலைமணிதான் எங்கோ குடிக்கக் கொண்டுபோய்த் தொலைத்தார் என்று மார்கழி முழுக்க அவரோடு பேசவில்லை.

“இது எப்படி இங்க வந்துச்சு?”

“சார் பெட்டியில இருந்துச்சுக்கா. யாரோ வாசகி அன்பளிப்புன்னு நினைச்சோம்.”

‘தொடாதீர்கள்’ என்று எழுதியிருந்த கருங்குளவியின் நாற்காலியில் குருவம்மாள் உட்கார்ந்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள்.

“நான் கொலைகாரி. இவரு களவாணி. அத எங்கயும் எழுதலியே, தாயி? தம்ளர எடு, நான் போறேன்.”

ஆர்த்தி பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றாள். “அக்கா, பெட்டியக் காலியா வைக்க முடியாதுக்கா. வேற என்ன வேணும், சொல்லுங்க.”

“அப்ப எழுது. இந்தம்மா கையால வருஷக்கணக்காத் தின்னவரு, ஒரு நாள் வயித்து வலின்னு படுத்ததில்ல. செத்தது கம்பத்துல மகன் வீட்டுக்குப் போன எடத்துல, மருமக சமையல்ல.”

“கடைசி வரிய மட்டும் விட்டுருவோம்க்கா.”

அதை விட்டுவிட்டு மற்றதைப் படத்துக்குக் கீழே மூன்று மொழியிலும் ஒட்டினார்கள். தம்ளர் அட்டையும் மாறியது: ‘குருவம்மாள் மெஸ்ஸிலிருந்து ஆசிரியர் சொல்லாமல் எடுத்துக்கொண்டது.’

மெஸ் மறுபடி நிரம்பியது. பாண்டி எதுவும் நடக்காததுபோல வந்து உட்கார்ந்து இரண்டாம் தரம் குழம்பு கேட்டான். இப்போது யாரும் ஜன்னல் வழியே சோறு போடுவதில்லை. எழுத்தாளர் வழியே தங்கள் வழி என்று, டூரிஸ்ட்டுகள் பெயர் வெட்டிய தம்ளர்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

“இப்பவாச்சும் தம்ளர நான் தொலைக்கலன்னு ஒத்துக்கிடுதியா?” என்றார் சுடலைமணி.

குருவம்மாள் பின்சுவரில் சோற்றை வைத்தாள். இளைத்துப் பழையபடி ஆகியிருந்த காக்கா இறங்கி வந்து தின்றது, தண்ணீர் குடித்தது, அலகைச் சுவரில் துடைத்துக்கொண்டு பறந்தது. தம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது.

“இந்தக் காக்காவப் போயி ஊரெல்லாம் வடை திருடன்னு சொல்லுது” என்றாள்.