கொடைக்கானல் சொடக்குத் தக்காளி

அறுபதுகளின் தொடக்கம். ஒரு வேலையாகக் கொடைக்கானல் போன என் வீட்டுக்காரர், காகிதப் பொட்டலத்தில் பத்துப் பழம் வாங்கி வந்தார். நம் வேலியோரம் தானாக முளைக்கிற சொடக்குத் தக்காளிக்கு மலைச் சொந்தம். அதே காகிதம் போன்ற கூடு, உள்ளே நாலு மடங்கு பெரிய மஞ்சள் பழம். வாய்க்கு எதுவும் பிடிக்காத மசக்கை எனக்கு. ஒன்பதைத் தின்றுவிட்டு, பத்தாவதைப் பிதுக்கி விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்தேன்.

அதற்கு முன் இரண்டு தடவை நாலாம் மாதத்தில் கலைந்திருந்தது. இந்தத் தடவை வெளியே சொல்லவே பயம். அப்போதுதான் அந்தக் கிறுக்குப் புத்தி வந்தது: செடியில் காய் பிடித்தால் என் வயிற்றிலும் தங்கும். குறி பார்ப்பது பாவம் என்று தெரியாதவளா நான்? மாதா கோயிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம்கூட மறைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன்.

"படிச்சவதான நீ? செடிக்கும் புள்ளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரித்தார்.

"சிரிங்க, நல்லா சிரிங்க. சுமக்குறவ நாந்தான!" என்றேன்.

தை மாதம் உடைந்த பானையில் விதைத்தேன். எறும்பு இழுத்துப் போகிறதா என்று நாளுக்கு நாலு தடவை பார்த்தேன். முளைத்த நாற்றில் ஆறைக் கிணற்றடியில் நட்டு, ஓலை மறைப்புக் கட்டினேன். பங்குனியில் பூத்தது. எனக்கும் நாலாம் மாதம் பிறந்தது.

திண்டுக்கல் வெயிலை மலைச்செடி தாங்குமா? முதல் நாள் காலையில் ஏழு பூ கீழே கிடந்தது. மறுநாள் ஒன்பது. தண்ணீர் இறைக்கக்கூடப் பயந்து உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாளிலிருந்து ஒன்று, இரண்டு என்று குறைந்தது. அப்பாடா என்றிருந்தது.

"இப்பல்லாம் அம்புட்டுக் கொட்டுறதில்லங்க," என்றேன்.

"வெயில் பழகிருச்சு போல," என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆனாலும் காயைக் காணோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. மலைச்செடி, மெதுவாகத்தான் பிடிக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் மாதம் பாதி கடந்திருக்கும். துவைக்கிற கல்லில் அவர் சட்டையைப் போட்டுப் பையைத் திருப்பினேன். பூவாகக் கொட்டியது. வாடியதும் காய்ந்ததுமாக ஒரு கைப்பிடி. எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. தினமும் எனக்கு முன்னால் எழுந்து, உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கியிருக்கிறார். எனக்குச் சந்தேகம் வரக்கூடாதென்று ஒன்றிரண்டை விட்டுவைத்திருக்கிறார்.

"என்னங்க இது?" என்று கத்தினேன்.

ஓடி வந்தவருக்குச் சட்டையைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"வெளிய போடணும்னு இருந்தேன், மறந்துட்டேன்," என்றார். பிறகு, "எல்லாமே விழுந்துருச்சு புள்ள. ஒண்ணுகூட நிக்கல."

சிரித்த மனுஷன்! என்னைவிட அவரல்லவா பயந்திருக்கிறார்.

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது," என்றேன், வயிற்றில் கை வைத்து. "இங்க இருக்குறது இன்னிக்குக் காலையில அசைஞ்சுச்சுங்க."

என் கணவர் அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்து அழுதார்.