கடைசி வரிசைக் கூண்டுகளின் எச்சம்

காலையில் ஷெட்டுக்குள் போனதும் நான் முட்டையைப் பார்ப்பதில்லை. கூண்டுக்கு அடியில் கிடக்கும் எச்சத்தைத்தான் பார்ப்பேன். கோழியின் குடல் எப்படி இருக்கிறது என்பதை அதைவிட நேர்மையாகச் சொல்கிற பொருள் எங்கள் பண்ணையில் கிடையாது. மனிதர்கள் நிச்சயமாகச் சொல்ல மாட்டார்கள்.

"எங்க மாமனுக்கு ஜோசியமே கோழி எச்சத்துலதானுங்க" என்று என் மனைவியின் தம்பி வேலையாட்களிடம் சொல்லிச் சிரிப்பான். நாமக்கல்லுக்கு வெளியே இருக்கும் இந்தப் பண்ணையில் அவனும் பாதிப் பங்குக்காரன். அவனை எனக்குப் பிடிக்காது. பிடித்த மாதிரி நடித்ததும் இல்லை.

போன வருடம் சேலத்து முட்டை வியாபாரி ஒருவர், ஆன்டிபயாட்டிக் கொடுக்காத கோழி முட்டை என்றால் முழு லோடையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். வாக்குக் கொடுத்தது நான். தீவனத்தில் கலந்துவந்த மருந்துப் பொடியை நிறுத்திவிட்டு, சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் நார்ச்சத்துப் பொடியைச் சேர்த்தோம். அந்த நாரைக் கோழியால் செரிக்க முடியாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதைத் தின்று பெருகும். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டால் கெட்ட கிருமிக்கு உட்கார இடமிருக்காது.

மச்சினன் வாயைக் கோணினான். "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கெல்லாம் சோறு போடோணும்னு நமக்கென்னங்க மாமா தலையெழுத்து?"

தீவனம் கலக்குவது அவன் பொறுப்பு. சில வாரங்களில் எச்சம் தண்ணீராக விழுந்தது. முட்டை ஓடுகளில் கறை.

"பாத்தீங்களா, கழிச்சல் வந்துருச்சு. மருந்து குடுக்காட்டி அத்தனையும் சாவும். உங்க வாக்க வெச்சு அடக்கம் பண்ணுங்க."

நான் வரிசை வரிசையாக நடந்தேன். முன்வரிசைகளில் எச்சம் கெட்டியாக, சரியாக இருந்தது. பின்வரிசைகளில் மட்டும்தான் கழிச்சல். நோய் இப்படி வரிசை பார்த்து வராது.

கலவை அறைக்குப் போனபோது மெஷினை நிறுத்தப் போகிற நேரம். அவன் நார்ப்பொடியை அப்படியே மேலே கொட்டினான். தீவனம் மெஷினின் அடித்திறப்பு வழியாக மூட்டைக்கு இறங்கும். முதல் மூட்டைகளில் பொடியே இருக்காது, கடைசி மூட்டைகளில் மொத்தமும் இருக்கும். அந்த மூட்டைகள்தான் பின்வரிசைக்குப் போகின்றன. நாரை அளவுக்கு மீறித் தின்றால் எந்தக் குடலும் பொங்கத்தான் செய்யும். கொஞ்சமாகச் சேர்க்கும் எதையும் முதலில் ஒரு கூடை மக்காச்சோள மாவில் பிசறிவிட்டுத்தான் மெஷினில் போட வேண்டும். மருந்துப் பொடிக்கு அவன் ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை.

"பிசறாம ஏன்டா போட்ட?"

"பூச்சி திங்கற சோத்துக்குப் பந்தி வேற வெக்கோணுங்களா?"

"தெரிஞ்சேதான் போட்டிருக்க."

"ஆமாங்க. இப்ப என்ன? காலைலயே தண்ணித் தொட்டில மருந்து உட்டாச்சு. போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். தண்ணீர் மஞ்சளாக இருந்தது. எல்லா வரிசைக் கோழிகளும் குடித்துக்கொண்டிருந்தன. நல்லது கெட்டது பார்க்காமல் குடல் முழுக்க அடித்துத் துடைத்துவிடும் மருந்து அது.

தொட்டித் தண்ணீரை வெளியே திறந்துவிட்டேன். பிறகு சேலத்துக்குப் போன் செய்து, இனி என் முட்டை உங்களுக்கு ஆகாது, கோழிகள் மருந்து குடித்துவிட்டன என்றேன். "சொன்னதுக்கு சந்தோஷங்க. ஆனா நான் வேற பண்ணை பாக்கணும்" என்றார் வியாபாரி. வண்டி அதன் பிறகு வரவில்லை.

மச்சினனை மெஷின் பக்கமே விடுவதில்லை. கலவை அறைச் சாவி என்னிடம் இருக்கிறது. பொடியை நானே மாவில் பிசறுகிறேன். கோழிகளின் குடல் தேறிவிட்டது. கடைசி வரிசையிலும் எச்சம் கெட்டியாகவே விழுகிறது. இவற்றின் முட்டைகளை மற்ற பண்ணைகளின் மருந்துக்கோழி முட்டைகளோடு சேர்த்து, எதுவும் கேட்காத வேறொரு வியாபாரிக்கு ஏற்றி அனுப்புகிறோம். மச்சினன் லாரிக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிறான்.