பிரேக்கம்மாவும் முட்டிக்கொண்ட அம்புகளும்

அந்தப் பெரிய கடையின் பார்க்கிங்கைக் கட்டியவர் யாரோ, அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். ஆனால் அவர் ஒரு நாளும் வண்டி ஓட்டியிருக்க மாட்டார். வண்டியை விடுங்கள், இரண்டு கையிலும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு கடையிலிருந்து வெளியே வந்துகூட இருக்க மாட்டார். கண்ணாடிக் கதவைத் தாண்டிக் காலை வைத்தால் நேரே கார் இறங்குகிற சரிவு. நடக்கிறவர்களுக்கென்று ஓரடி இடம் கிடையாது. கதவு தானாகத் திறக்கும் வகை. எதிரே கார் போனால் மரியாதையாகத் திறக்கும், மனிதர் போய் நின்றால் யோசிக்கும். சாமான் ஏற்றிய தள்ளுவண்டியிலிருந்து சில்லறை தேடக் கையை எடுத்தால் போதும், அது தன் பாட்டுக்குச் சரிவில் உருண்டுபோய் யாருடைய காரையாவது முட்டிக்கொண்டு நிற்கும்.

உள்ளே போனால் ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில் பாதை. பாதை வளைகிற இடத்தில், சரியாக நடுவில், ஒரு தூண். ஊரில் எத்தனை நிறத்தில் கார் உண்டோ அத்தனை நிறமும் அதன் இடுப்பில் ஒட்டியிருக்கும். அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தவள் பிரேக்கம்மா. எவ்வளவுதான் ஒதுங்கிப் போனாலும் ஒரு உரசல் இல்லாமல் விடாது என்பதால் அந்தப் பெயர். "எங்கம்மாவத்தானே குத்திக் காட்டுற?" என்று அவள் புருஷன் கேட்டதற்கு, "மெதுவாப் பேசுங்க, தூணுக்குக் கோவம் வந்துடப் போகுது" என்றாளாம். மனுஷன் சிரித்துவிட்டார்.

பிரேக்கம்மா பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதனால் வந்த பெயர். முப்பது வயதுக்கு மேல் தானாகக் கற்றுக்கொண்டு, பிறகு பழைய கார் ஒன்றை வாங்கி, தன் பெயரில் ஒரு போர்டு மாட்டிக்கொண்டாள். போர்டை எழுதியது புருஷன்தான். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுவது அவர் தொழில். ஊரில் பாதி வண்டியில் அவர் கையெழுத்து ஓடுகிறது, ஆனால் அவருக்கு சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டப் பயம்.

அவளுக்கு வாய் ஓயாது. "கண்ணாடியப் பாரு, பொட்டு சரியா இருக்கான்னு இல்ல, பின்னால யாரு வர்றான்னு பாரு" என்று காலையில் ஆரம்பித்தால் இருட்டும் வரை அதே பேச்சு. இன்னொன்று, வேறு யார் ஓட்டுகிற வண்டியில் உட்கார்ந்தாலும் அவள் வலது கால் சும்மா இருக்காது. இல்லாத பிரேக்கைத் தேடித் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். பஸ்ஸில்கூட அப்படித்தான்.

அவள் மாணவிகளை நேரே இந்தக் கடைக்குத்தான் கூட்டி வருவாள். "இங்க ஓட்டினவ எங்கயும் ஓட்டுவா" என்பது அவள் கட்சி. அதில் உண்மையும் இருந்தது. இந்தப் பார்க்கிங்கின் பெரிய கோளாறு தூண்கூட இல்லை, அம்புதான். கடை கட்டியபோது தரையில் ஒரு திசைக்கு அம்பு வரைந்தார்கள். பிறகு வெளியே ரோட்டை ஒருவழியாக மாற்றியதும் உள்ளே எதிர்த் திசைக்குப் புது அம்பு வரைந்தார்கள். பழையதை அழிக்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரே பாதையில் இரண்டு அம்பு, மூக்கும் மூக்கும் முட்டிக்கொண்டு. எதை நம்பிப் போவது? அதனால் பிரேக்கம்மா எடுத்த எடுப்பில் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான்: "அம்பைப் பாக்காத. எதிர வர்ற ஆளோட முகத்தைப் பாரு. அவன் தயங்கினா நீ போ, அவன் முறைச்சா நீ வழி விடு."

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவள் நாத்தனார், புருஷனின் தங்கை, வண்டி கற்றுக்கொள்ள உட்கார்ந்தாள்.

நாத்தனார் கணவனை இழந்து, மகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். வீட்டில் யாரும் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. ஆனால் இருப்பது ஒரு அறை, ஒரு ஹால். எல்லோரும் டி.வி. பார்த்து முடித்த பிறகுதான் அம்மாவும் மகளும் ஹாலில் பாய் விரிக்க முடியும். பெண் பரீட்சைக்குப் படிப்பது சமையலறை மேடையில். நாத்தனாருக்கு ரத்தம் எடுக்கிற வேலை தெரியும். ஒரு லேபில் அவளை வேலைக்குக் கேட்டார்கள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும், லேபின் காரைத் தானே ஓட்ட வேண்டும், மாடியில் ஒரு அறையும் தருவார்கள். லைசென்ஸ் மட்டும் இந்த மாதத்துக்குள் வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள். "மூடிக்கிறதுக்கு எனக்குன்னு ஒரு கதவு அண்ணி" என்று ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னாள். பிரேக்கம்மாவுக்கு அது மனசில் தைத்துவிட்டது.

அவளைக் கண்ணும் கருத்துமாகப் பழக்கினாள். மாமியாரை உரசாமல் பின்னால் எடுக்கிற அளவுக்கு நாத்தனார் தேறினாள். பிரேக்கம்மா அவளைத் தேர்வுக்கு அனுப்பிவிட்டு, தேர்வு மைதானத்துக்கு வெளியே பெருமையாக நின்றாள். திரும்பி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது.

"என்ன தப்பு பண்ணின?"

"திரும்புற இடத்துல அம்பு போட்டிருந்துச்சாம் அண்ணி. நான் பாக்கல."

"கண்ணு எங்க போச்சு?"

"எதிர்ல வந்த வண்டிக்காரர் முகத்துல. அவர் தயங்கினார். வழி விடுறார்னு நெனச்சுப் போயிட்டேன்." கைக்குட்டையை மடித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்கதானே அண்ணி அப்படிச் சொல்லிக் குடுத்தீங்க."

பிரேக்கம்மா ஆடிப்போனாள். போன மாதம் தோற்ற தையல்கடைக்காரியும், அதற்கு முன் தோற்ற ஸ்கூல் கிளார்க்கும் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். அப்போதெல்லாம் "அந்தத் தேர்வு அதிகாரிக்கு நம்மளக் கண்டாலே ஆகாது" என்று பழியை அங்கே தள்ளியிருந்தாள். ஒரு கோணல் இடத்தில் வைத்துப் பழக்கி, அந்தக் கோணலையே அத்தனை பேர் தலையிலும் ஏற்றி அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாத்தனார் எதுவும் நடக்காத மாதிரி வழக்கம்போலப் பாத்திரம் தேய்த்தாள், அதுதான் இன்னும் வலித்தது.

மாத முடிவுக்குள் இன்னொரு தேர்வுக்கு இடம் கிடைத்தது. ஆனால் கையிலும் காலிலும் ஏறிய பழக்கம் வாயால் சொன்னால் போய்விடுமா? பிரேக்கம்மா யோசித்துப் பார்த்தாள். ஊரில் வேறு காலி இடம் தேடினால் அங்கே அம்பே இருக்காது. பழக்கிய இடத்தில்தான் அதை மறக்க வைக்க வேண்டும். மறுநாளே கடை மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அந்தப் பழைய அம்பையெல்லாம் அழிச்சுடுங்க. புண்ணியமாப் போகும்."

"நானும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டேம்மா. மேலிடத்துலேர்ந்து ஆர்டர் வரணும்."

"நீங்க தினம் எப்படித்தான் வண்டிய உள்ள விடுறீங்க?"

மேனேஜர் கொஞ்சம் நெளிந்தார். "உள்ளயா? நான் பக்கத்துத் தெருவுல நிறுத்திட்டு நடந்து வந்துடுவேன்." பிறகு கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நாளைக்குக் காலையில கடை திறக்கிறதுக்கு முன்னாடி யாராவது வந்து கறுப்பு பெயின்ட் அடிச்சா, நான் பாக்கப் போறதில்ல. வாட்ச்மேன்கிட்டயும் சொல்லிடுறேன்."

விடிந்தும் விடியாததுமாக மூன்று பேரும் போய் இறங்கினார்கள். நம்பர் பிளேட்காரர் டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்தார். நாத்தனார் துடைப்பத்தால் தரையைக் கூட்டிக்கொண்டே போக, அவர் பின்னாலேயே பழைய அம்புகளைக் கறுப்பால் மூடிக்கொண்டு வந்தார். மிஞ்சிய அம்புகளுக்கு வெள்ளையைப் புதுப்பித்தார். "வாழ்க்கையில இவ்வளவு பெருசா எழுதினதே இல்ல" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். "அம்புதான் போடுறீங்க, கீழ கையெழுத்துப் போட்டுடாதீங்க" என்றாள் பிரேக்கம்மா.

பெயின்ட் காய்ந்தது, கடை திறந்தது, கூட்டம் வந்தது. அம்பு மாறியதை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை. வருஷக் கணக்காக யார் தரையைப் பார்த்தார்கள்? பழையபடி இஷ்டத்துக்கு நாலா பக்கமும் நுழைந்தார்கள். பிரேக்கம்மாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நாத்தனாரை உட்கார வைத்து, "இன்னிலேர்ந்து கீழ பாத்து ஓட்டு" என்று மட்டும் சொன்னாள்.

மாமியார் பக்கத்தில் வளைவில் திரும்பியபோது எதிரே ஒரு பெரிய கறுப்புக் கார் வந்து மூக்குக்கு மூக்கு நின்றது. நாத்தனார் வண்டியை நிறுத்தினாள். அதை ஓட்டி வந்தவர் ஹாரன் அடித்தார். தலையை வெளியே நீட்டி, "பின்னால எடும்மா, கத்துக்குற வண்டியெல்லாம் எதுக்கு இங்க கொண்டுவர்றீங்க?" என்றார்.

அவர் தயங்கவில்லை, முறைத்தார். பிரேக்கம்மாவின் பாடப்படி நாத்தனார் இப்போது பின்னால் எடுக்க வேண்டும். 'வழி விட்டுடு' என்ற வார்த்தை பிரேக்கம்மாவின் தொண்டை வரை வந்துவிட்டது. கால் தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் துடித்துக்கொண்டிருந்தது. அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அவள் வகுப்பில் அவள் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

நாத்தனார் கண்ணாடியை இறக்கினாள். 

"சார், கீழ அம்பு இருக்கு. பாருங்க."

"இங்க யாரும்மா அம்பைப் பாக்குறாங்க?"

"நான் பாக்குறேன் சார்."

அவர் தரையைப் பார்த்தார். பிறகு நாத்தனாரின் வண்டிக்குப் பின்னால் பார்த்தார். பயிற்சி வண்டியைத் தாண்டிப் போக இடமில்லாமல் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே வந்த கார்கள், தெரிந்தோ தெரியாமலோ, அம்பு காட்டுகிற திசையில் வரிசையாக நின்றன. அத்தனை பேரையும் பின்னால் போகச் சொல்வது நடக்கிற காரியமா? முணுமுணுத்துக்கொண்டே தன் காரைப் பின்னால் எடுத்தார். அவசரத்தில் மாமியாரை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் போனார்.

"சரியா அண்ணி?" என்று கேட்டாள் நாத்தனார். பிரேக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ரோட்டப் பாத்து ஓட்டு" என்று அதட்டினாள்.

ஒரே நாளில் ஊர் திருந்திவிடவில்லை. ஆனாலும் ஒருவர் சரியாகப் போனால் அவர் பின்னால் நாலு பேர் போனார்கள். கொஞ்ச நாளில் வளைவில் ஹாரன் சத்தம் குறைந்தது. ஒரு காலையில் மேனேஜரின் வண்டியே உள்ளே நிற்பதைப் பார்த்து பிரேக்கம்மா ஒரு சலாம் போட்டாள். பெயின்ட் அடித்ததைப் பார்க்காதவர் அதை மட்டும் பார்த்தார். இரண்டாவது தேர்வில் நாத்தனார் அம்பைக் கண்டதும் நின்று, பார்த்து, திரும்பினாளாம். மாதம் முடிவதற்குள் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. அடுத்து தையல்கடைக்காரியைக் கூப்பிட்டு, காசு வாங்காமல் முதல் பாடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள் பிரேக்கம்மா.

நாத்தனார் குடிபோன நாளில் லேபின் காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். பின் சீட்டில் மகளும் பாயும் தலையணையும் புத்தகப் பையும். முன்னால் பிரேக்கம்மா. அந்தக் காரில் அவள் பக்கம் பிரேக் கிடையாது. வழியில் புது அறைக்கு ஒரு பூட்டு வாங்க வேண்டியிருந்ததால் அந்தக் கடையிலேயே நிறுத்தினார்கள். வாங்கிக்கொண்டு கிளம்பி, சரிவில் தள்ளுவண்டிகளுக்கு ஒதுங்கி, அம்பு பார்த்து, மாமியாரைச் சுற்றி வெளியே வரும் வரை நாத்தனார் தரையையும் ரோட்டையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணி, இது லேப் வண்டி. தரை ஓட்டையாயிடும், கால எடுங்க" என்றாள்.

"எடுத்து ரொம்ப நேரமாச்சு."

ரோட்டில் ஏறியதும் நாத்தனார் ஓரக்கண்ணால் பார்த்தாள். அண்ணி வீட்டில் உட்காருகிற மாதிரி இரண்டு காலையும் சீட்டின் மேல் மடக்கி, மடியில் பூட்டை வைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள்.